சாம்பலை யார் அள்ளுவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி ஒரு பதில் எழுதினேன். அதன் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பலி செலுத்தும் ஆசாரியருக்கான சட்டங்கள் நிறைந்த வேதப் புத்தகமான லேவியராகமத்தையே கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயது. கீபோர்ட் நன்றாக வாசிப்பேன். விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்கள் என்று எங்கள் போதகர் பிரசங்கிக்கிறார். ஆனால் ஒரு வருடமாக ஆராதனைக்கு முன் கதிரை அடுக்குவதும், முடிந்த பின் மண்டபத்தைக் கூட்டுவதும்தான் எனக்குக் கிடைத்த ஊழியம். இது என் அழைப்பை வீணாக்குவது ஆகாதா? – வெள்ளவத்தை வாசகர்

தம்பி, லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் 10ஆம், 11ஆம் வசனங்களை வாசித்துவிட்டு வாருங்கள். ஆசாரியனுடைய நாள் எதில் தொடங்குகிறது என்று அங்கே இருக்கிறது. பாட்டிலும் இல்லை, தூபத்திலும் இல்லை. இரவு முழுவதும் எரிந்த தகனபலியின் சாம்பலில் தொடங்குகிறது. அவன் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு, சாம்பலை எடுத்து, பலிபீடத்தின் பக்கத்தில் கொட்டவேண்டும். பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை உடுத்தி, அதே சாம்பலைப் பாளயத்துக்கு, அதாவது இஸ்ரவேலர் கூடாரமிட்டுத் தங்கிய இடத்துக்கு, வெளியே சுத்தமான ஓர் இடத்துக்குச் சுமந்துகொண்டு போகவேண்டும். சாம்பலை எடுக்கும்போது அவன் உடுத்தியிருந்தது பரிசுத்த உடை என்பதைக் கவனியுங்கள். வேலைக்காரன் ஒருவனை வைத்து அள்ளச் சொல்லவில்லை. முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் மகனே குனிய வேண்டும்.

பலிபீடத்தின் நெருப்பு அவியக்கூடாது என்ற வசனத்தில் நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஏன் இரண்டு வசனங்கள் சாம்பலுக்குப் போயின என்பது எனக்கு 2022இல்தான் விளங்கியது. கொழும்பில் சமையல் எரிவாயு இல்லாத அந்த மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியின் பின்முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து நாலு குடும்பங்கள் முறைவைத்துச் சமைத்தோம். எல்லாருக்கும் விறகு கொண்டுவரத் தெரிந்திருந்தது. ஊதத் தெரிந்திருந்தது. சாம்பலை அள்ள மட்டும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மூன்றாம் நாள் விறகு புகைந்தது, கண் எரிந்தது, அரிசி வேகவில்லை. கீழ்வீட்டுப் பெரியம்மா வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தகரத்துண்டு ஒன்றால் சாம்பலை வழித்து எடுத்தார். அதே விறகு, அதே அடுப்பு. அடியில் காற்றுப் போனதும் தீ எழும்பியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எருசலேம் ஆலயத்தில் நடந்தவற்றை யூதரின் மிஷ்னா என்னும் தொகுப்பு விவரமாகச் சொல்கிறது. காலையில் பலிபீடத்தின் சாம்பலை எடுக்கும் பணிக்கு ஆசாரியர்கள் போட்டி போட்டார்களாம். பலிபீடத்தின் சரிவுப் பாதையில் ஓடுவார்கள்; முந்திக்கொண்டு மேலே சேருபவனுக்கு அந்தப் பணி. ஒருநாள் இருவர் சரிசமமாக ஓடி, ஒருவன் மற்றவனைத் தள்ள, விழுந்தவனின் கால் முறிந்தது. அதன் பிறகுதான் சீட்டுப் போட்டுத் தெரிவுசெய்யும் வழக்கம் வந்தது. சாம்பல் அள்ளும் வேலைக்காகக் கால் முறிய ஓடியிருக்கிறார்கள்! நம் சபைகளில் எந்த வேலைக்காக இப்படி ஓடுகிறோம் என்று நினைத்துப் பார்த்து நான் அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் தகப்பனார் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆலயத்தைத் திறந்து பூட்டும் வேலை பார்த்தவர். ஞாயிறு அதிகாலை நான்கரைக்குத் தும்புத்தடியுடன் போவார். வாங்குகளின் அடியில் புகுந்து கூட்டும்போது, அந்த வாங்கில் வழக்கமாக உட்காருகிறவர்களின் பெயரைச் சொல்லி வாய்க்குள் ஜெபிப்பார். சிறுமியாக நான் பின்னால் ஈரத்துணியோடு போவேன். எந்த வாங்கில் யார் என்பது எனக்கு இன்றும் மனப்பாடம். பிரதான ஆசாரியன் இஸ்ரவேலின் பன்னிரண்டு பெயர்களைத் தோளிலும் மார்பிலும் சுமந்தான் என்று யாத்திராகமம் 28இல் பின்னாளில் வாசித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. என் அப்பாவை எனக்குத் தெரியும்.

ஆனாலும் உங்கள் போதகருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சீட்டுப் போட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பணி எல்லார்மீதும் மாறிமாறி விழும். ஒரு வருடம் ஒரே பிள்ளை கூட்டுகிறான் என்றால் அந்தச் சபையில் முறை தவறியிருக்கிறது. போதகரும், சபைக் குழுவினரும், பாடகர் குழுவினரும் பெயர் எழுதிய ஒரு பட்டியல் ஆலயச் சுவரில் தொங்கட்டும். கீபோர்ட் வாசிக்க விரும்புவதும் பெருமை ஆகாது. தாவீதின் காலத்தில் பாட்டிலும் வாத்தியத்திலும் தேர்ந்த லேவியர், அதாவது ஆலயப் பணிக்கென்று பிரித்த கோத்திரத்தார், 288 பேர் என்று 1 நாளாகமம் 25 கணக்குச் சொல்கிறது. போதகரிடம் நேரே போய்க் கேளுங்கள். கேட்டு வாங்கிய பின்பும் உங்கள் முறை வரும் ஞாயிறில் தும்புத்தடியை எடுங்கள்.

பிரதான ஆசாரியன் திரைக்கு உள்ளே இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்கள், உள்ளே இறந்தால் வெளியே இழுப்பதற்காக என்று ஞாயிறு பாடசாலையில் சொல்லிக்கொடுத்தேன். அது எந்த வசனம் என்று ஒரு மாணவி கேட்டாள். தேடிக் களைத்துவிட்டேன். – தெமட்டகொடை, ஞாயிறு பாடசாலை ஆசிரியை

கிடைக்காது, சகோதரி. வேதத்தில் கயிறு இல்லை. ஆலய வழக்கங்களை நுணுக்கமாகச் சொல்லும் மிஷ்னாவிலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட சோகார் என்னும் யூத மறைஞான நூலில்தான் இப்படிப்பட்ட பேச்சு வருகிறது. அப்போது ஆலயம் இடிந்து ஆயிரத்து இருநூறு வருடங்களாகியிருந்தன. மணியோசை நின்றால் இழுப்பார்கள் என்று சேர்த்துச் சொல்வதும் பொருந்தாது. பாவநிவாரண நாளில் அவன் திரைக்கு உள்ளே போனது மணி தொங்கும் நீல அங்கியோடு அல்ல, வெறும் சணல்நூல் உடையோடு. லேவியராகமம் 16:4ஐப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை மிஷ்னாவில் இருக்கிறது. அந்த நாளுக்கு முந்திய இரவு பிரதான ஆசாரியன் உறங்கக்கூடாது. கண் செருகினால் இளம் ஆசாரியர்கள் அருகில் வந்து விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள்; யோபு, எஸ்றா, நாளாகமம் என்று வாசித்துக் காட்டுவார்கள். ஓர் ஊர் முழுவதற்காகவும் ஒருவர் விழித்திருக்கிறார், அவர் விழித்திருக்கச் சிறியவர்கள் துணை நிற்கிறார்கள். இதைச் சொல்லுங்கள். அந்த மாணவிக்கு என் பாராட்டையும் சொல்லுங்கள். ஆசிரியையிடம் வசனம் கேட்கத் துணிந்த பிள்ளை அவள்.

எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் ஒருவருக்குத் தொழுநோய் என்று வைத்தியசாலையில் சொல்லி, மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அவர் எங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு குடும்பங்கள், லேவியராகமம் 13இன்படி அவர் பாளயத்துக்கு வெளியே இருக்கவேண்டும், திருவிருந்துக்கு வரக்கூடாது என்கிறார்கள். வீடு எங்களுடையது. என்ன செய்வது? – வத்தளை வாசகி

சகோதரி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தேநீர் ஆறுவது தெரியாமல் இருந்தேன். நான் 34 வருடம் தாதியாக வேலை செய்தவள். அதில் ஒன்பது வருடம் தோல் நோய்ப் பிரிவில்.

முதலில் வைத்தியம். தொழுநோய்க்கு மருந்து இருக்கிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்ற கூட்டு மருந்தை, நோயின் வகையைப் பொறுத்து, 6 மாதமோ 12 மாதமோ எடுத்தால் குணமாகும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. பெரும்பாலானவர்களின் உடல் இந்தக் கிருமியை இயல்பாகவே எதிர்த்துவிடும். கைகுலுக்குவதால், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதால் உங்களுக்கு ஒன்றும் வராது. வீட்டிலிருக்கும் மனைவி பிள்ளைகளை ஒருமுறை கிளினிக்கில் காட்டும்படி மட்டும் சொல்லுங்கள்.

இனி வேதம். லேவியராகமம் 13இல் நம் பழைய மொழிபெயர்ப்பு குஷ்டம் என்று எழுதும் எபிரெயச் சொல் ‘ஸாரஆத்’. அதே சொல் அதே அதிகாரத்தில் கம்பளி உடைக்கும் தோல் பொருளுக்கும் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? நான் கிளினிக்கில் முதலில் தேடுவது உணர்விழந்த தோலை. பஞ்சால் தடவினால் தெரியாத இடத்தை. அந்த அடையாளம் 13ஆம் அதிகாரத்தில் எங்குமே இல்லை. ஆகவே உங்கள் குழுச் சகோதரரின் நோயையும் அந்த அதிகாரத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதே பிழை. ஒரு தச்சர் இரண்டு வருடம் கையை மறைத்துவைத்து, விரல்கள் மடங்கிய பின்பு எங்களிடம் வந்தார். ஏன் ஐயா இவ்வளவு தாமதம் என்றேன். இது பாவத்தின் அடையாளம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டதாகச் சொன்னார். அந்தப் பிரசங்கியார் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அந்த இரண்டு குடும்பங்கள் 13ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள் அல்லவா? முழுவதும் எடுக்கட்டும். அங்கே ஆசாரியன் என்ன செய்கிறான்? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஐயம் இருந்தால் ஏழு நாள் பொறுத்து மீண்டும் பார்க்கிறான். இன்னும் தெளிவில்லையானால் இன்னும் ஏழு நாள். கண்ணால் பார்க்கிறான், கிட்டப் போய்ப் பார்க்கிறான். வீட்டுச் சுவரைப் பார்க்கப் போகும்போது இன்னொரு கரிசனை: தான் வருவதற்கு முன்பே வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிடச் சொல்கிறான், அவையும் தீட்டென்று ஆகிவிடாதபடி. ஓர் ஏழையின் பாயையும் பானையையும் காப்பாற்றுவதற்காக எழுதிய சட்டம் அது.

14ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். நோய் நீங்கியவன் ஆசாரியனைத் தேடி உள்ளே வர முடியாது. ஆகவே ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே அவனிடத்துக்குப் போகவேண்டும். மூன்றாம் வசனம். சாம்பலைச் சுமந்துகொண்டு வெளியே போன அதே கால்கள்தான் இங்கேயும் போகின்றன. பிறகு 14ஆம் வசனத்தில் ஒரு காரியம் நடக்கிறது. பலியின் இரத்தத்தை எடுத்து, அவனுடைய வலது காதின் மடலிலும், வலதுகைப் பெருவிரலிலும், வலதுகால் பெருவிரலிலும் ஆசாரியன் பூசுகிறான். அதன்மேல் எண்ணெயும் பூசுகிறான். இந்தக் காது, கை, கால் என்ற வரிசையை இதற்கு முன் எங்கே பார்த்தோம்? லேவியராகமம் 8இல். ஆரோனையும் அவன் மகன்களையும் ஆசாரியராக அபிஷேகம் செய்த நாளில். பிரதான ஆசாரியனுக்கு எப்படித் தொட்டார்களோ அப்படியே, ஊருக்கு வெளியே கிடந்தவனையும் தொடவேண்டும் என்பது சட்டம். இதை முதன்முதலாகக் கண்டுகொண்ட இரவில் நான் எழுந்துபோய் வெளி விளக்கைப் போட்டு வாசலில் நின்றேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

களனி ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையில், ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கிய தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. நத்தார் நாட்களில் பெண்கள் ஐக்கியத்தோடு அங்கே போவேன். ஒரு காலத்தில் சட்டப்படி பிரித்துவைக்கப்பட்டு, குணமான பின்பும் போக வீடில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட முதியவர்களைச் சந்தித்திருக்கிறேன். விரல்கள் இல்லாத ஒருவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கோப்பையைப் பிடித்து ஒரு சொட்டும் சிந்தாமல் தேநீர் குடித்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவரின் தலையிலும் அந்த மணிக்கட்டை வைத்து ஆசீர்வதித்தார். நான் ஆயர்கள் பலரிடம் ஆசீர்வாதம் பெற்றிருக்கிறேன். நினைவில் நிற்பது அது.

வீடு உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கதவும் உங்களுடையது. வரும் வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரரை ஜெபத்தை நடத்தச் சொல்லுங்கள். அந்த இரண்டு குடும்பங்களோடு சண்டை வேண்டாம், அவர்களும் பயந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வருவதற்காக அவரை வராமல் செய்யாதீர்கள்.

நான் விதவை. மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் வாழ்கிறேன். மருந்துச் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம். லேவியருக்குத் தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். – பம்பலப்பிட்டி வாசகி

அம்மா, மருந்தை முதலில் வாங்குங்கள்.

லேவியருக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்தது அவர்களுக்கு நிலம் இல்லாததால். எண்ணாகமம் 18 அதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்கியதிலும் பத்தில் ஒன்றை அவர்கள் திரும்பச் செலுத்தவேண்டும். உபாகமம் 14இன் முடிவில், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை உண்டு திருப்தியடையவேண்டியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில், பெறுகிறவர்களின் பக்கத்தில் இருக்கிறது. மூன்று கூருள்ள முள்ளை வேலைக்காரன் கையில் கொடுத்து, பலியின் இறைச்சி வேகும் கொப்பரைக்குள் குத்தவைத்து, வந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டவர்கள் ஆசாரியன் ஏலியின் மகன்கள். அவர்களைப் பற்றி வேதம் சொல்லும் தீர்ப்பு 1 சாமுவேல் 2இல் இருக்கிறது. உங்களுக்கு மனம் வந்தால் கொடுங்கள், நூறு ரூபாயானாலும். பயத்தினால் கொடுக்காதீர்கள்.

என் மகளுக்கு 19 வயது. சிறு வயதிலிருந்தே ஒரு கால் குட்டை. ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க அவள் பெயர் கொடுத்தாள். ஒரு மூத்தவர் லேவியராகமம் 21ஐக் காட்டி, சப்பாணி பலிபீடத்தை நெருங்கக்கூடாது என்று எழுதியிருக்கிறதே என்றார். அவள் அன்றிலிருந்து ஆலயத்துக்கு வரவில்லை. – மட்டக்குளி, ஒரு தாய்

சகோதரி, அந்த அதிகாரத்தை நான் இலேசாக வாசிப்பவள் அல்ல. ஆரோனின் சந்ததியில் குருடன், சப்பாணி, கை முறிந்தவன், கூனன் என்று ஒரு வரிசை சொல்லி, இவர்கள் பலி செலுத்த வரக்கூடாது என்கிறது. பலிமிருகத்துக்கும் அடுத்த அதிகாரத்தில் இதே போன்ற வரிசை. பழுதற்ற ஒன்றை அடையாளமாகக் காட்டும் ஏற்பாடு அது என்று விளக்குவார்கள். அந்த விளக்கம் சரியே. ஆனாலும் அன்று அந்த வரிசையில் நின்ற ஒரு பையனுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று நான் நினைக்காமல் இருந்ததில்லை.

அந்த மூத்தவர் 22ஆம் வசனத்துக்கு முன் நிறுத்திவிட்டார். அவன் தன் தேவனுடைய அப்பத்தைப் புசிக்கலாம், பரிசுத்தமானதையும் மகா பரிசுத்தமானதையும் புசிக்கலாம் என்கிறது அது. அவன் ஆரோனின் மகனாகவே இருந்தான், பங்கு குறையவில்லை. பிற்பாடு, என் வீட்டில் உங்களுக்கு இடமும் பெயரும் தருவேன் என்று, சட்டம் ஒதுக்கிவைத்த அண்ணகருக்கு (ஆண்மை நீக்கப்பட்டவருக்கு) ஏசாயா 56 சொல்கிறது. மத்தேயு 21:14இல் குருடரும் சப்பாணிகளும் ஆலயத்துக்குள்ளேயே இயேசுவினிடத்தில் வருகிறார்கள். எபிரெயர் நிருபம் நம் பிரதான ஆசாரியர் என்று யாரைக் காட்டுகிறது? உயிர்த்தெழுந்த பின்பும் கைகளில் ஆணித் தழும்போடு சீடன் தோமாவுக்கு முன் நின்றவரை. தழும்புள்ள கைகளை உடைய ஆசாரியரின் ஆலயத்தில், கால் குட்டையான பிள்ளை வாசிக்கக்கூடாதா? மகளிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாசிக்கும் மேசைக்கு மூன்று படி ஏறவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சபைக் குழுவிடம் யாத்திராகமம் 20:26ஐக் காட்டுங்கள். என் பலிபீடத்துக்குப் படிகளால் ஏறாதே என்று இருக்கிறது. காரணம் வேறு, உடலின் நிர்வாணம் தெரியக்கூடாது என்பதற்காக. அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் எருசலேமில் அதனால் நேர்ந்தது என்னவென்றால், பலிபீடத்துக்கு 32 முழ நீளத்தில் ஒரு சரிவுப் பாதை கட்டினார்கள். முதல் பதிலில் சொன்னேனே, ஆசாரியர்கள் ஓடிய பாதை, அதுதான். உங்கள் ஆலயத்தில் 32 முழம் தேவைப்படாது. ஒரு தச்சரும் ஒரு சனிக்கிழமையும் போதும். அதுவரை வாசிக்கும் மேசையைக் கீழே இறக்கி வையுங்கள். ஏறமுடிந்தவர்களுக்கு இறங்கவும் முடியும்.

நான்கு மாதங்களுக்கு முன் என் ஒரே மகன் விபத்தில் இறந்தான். நான் இருபது வருடமாகச் சபையில் வேதபாட வகுப்பு நடத்துகிறவன். இப்போது வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. ஒரு நண்பர், ‘ஆரோனைப் பாருங்கள், இரண்டு மகன்கள் ஒரே நாளில் செத்தும் ஊழியத்தை விடவில்லை’ என்றார். நான் குற்றவாளிபோல் உணர்கிறேன். – தெஹிவளை வாசகர்

ஐயா, உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் லேவியராகமம் 10ஐ அவர் பாதியில் மூடிவிட்டார்.

மகன்கள் நாதாபும் அபியூவும் இறந்தபோது ஆரோன் பேசாதிருந்தான் என்று மூன்றாம் வசனம் சொல்கிறது. அபிஷேக எண்ணெய் அவன்மேல் இருந்தது, ஆகவே கூடாரத்தை விட்டு வெளியே போகவும் துணியைக் கிழிக்கவும் அவனுக்கு அனுமதி இல்லை. ஆனால் ஆறாம் வசனத்தில் மோசே சொல்வதைப் பாருங்கள்: உங்கள் சகோதரராகிய இஸ்ரவேல் வீட்டார் அனைவரும் அழட்டும். ஆரோனால் அழ முடியாத அழுகையை ஊரே அழுதது. இறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மீசவேலும் எல்சாபானும், ஆரோனின் சிறிய தகப்பனுடைய மகன்கள். பன்னிரண்டு கோத்திரத்தின் பெயரைத் தோளில் சுமந்தவனுக்கு, அன்று சுமக்க மற்றவர்கள் வந்தார்கள்.

அதிகாரம் அத்தோடு முடியவில்லை. அன்று ஆசாரியர்கள் உண்ணவேண்டிய பாவநிவாரணபலியை யாரும் உண்ணவில்லை, அது எரிக்கப்பட்டிருந்தது. மோசே கோபப்பட்டு, மீதியிருந்த இரண்டு மகன்களைக் கேட்கிறார். பதில் சொல்வது ஆரோன். இன்று எனக்கு இப்படி நேர்ந்திருக்கும்போது நான் அதை உண்டிருந்தால் கர்த்தருக்கு அது நன்றாகத் தோன்றுமா என்று கேட்கிறான். இது ஒரு தகப்பனின் குரல். தொண்டையில் இறங்கவில்லை என்கிறான். பணியின் ஒரு பகுதியை அவன் அன்று செய்யவில்லை. மோசே அதைக் கேட்டு அமைதியானார் என்று அதிகாரம் முடிகிறது. சட்டத்தைக் கொண்டுவந்த மோசே! பதிலுக்கு ஒரு வசனமும் சொல்லவில்லை.

என் கணவர் இறந்த வருடம் இந்தப் பக்கத்தை நான் மூன்று மாதம் எழுதவில்லை. பத்திரிகையின் ஆசிரியர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் இந்த இடத்தில் ஒரு பூவின் படம் மட்டும் வந்தது. நான்காம் மாதம் ஒரு வாசகர் கடிதத்தை மடித்து, என் வீட்டுக் கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

வகுப்பை உங்களிடம் படித்த இருவரிடம் கொடுங்கள். இருபது வருடத்தில் அப்படி இருவர் நிச்சயம் இருப்பார்கள். எப்போது திரும்புவேன் என்று நாள் குறிக்காதீர்கள். அவர்கள் நடத்தும்போது பின்வாங்கில் ஓர் ஓரமாக உட்காருங்கள். பாட்டு வரும்போது பாடமுடியாவிட்டால் பாடவேண்டாம், சுற்றியிருப்பவர்கள் பாடுவார்கள். உங்கள் மகனின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இங்கே அச்சிடவில்லை. என் ஜெபக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன்.